அப்பாவின் நினைவு மலரில் ஒரு வரிக்குள் போன 28 வருடங்கள்

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பாவின் நினைவு மலருக்கென்று நீங்கள் அனுப்பிய வாழ்க்கை வரலாற்றை வாசித்தோம். 1952 இல் பிறந்தது, 1975 இல் கணித ஆசிரியராக முதல் நியமனம், பலாலி ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடப் பயிற்சி, கலியாணம், மூன்று பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஒழுங்காக வந்திருக்கின்றன. அதன் பிறகு ஒரு வரி: "1989 இல் கனடா நாட்டுக்குப் புலம்பெயர்ந்து தன் குடும்பத்தைச் சிறப்புற வாழவைத்தார்." அடுத்த வரியிலேயே உங்கள் பட்டமளிப்பு வந்துவிடுகிறது.

அந்த ஒரு வரிக்குள் 28 வருடம் போய்விட்டது. உணவகத்தில் கோப்பை கழுவியது, பிளாஸ்ரிக் பக்ரறியில் மிசினுக்கு முன்னால் நின்றது, அங்கேயே செட்டப் வேலைக்கு உயர்ந்தது, அப்பப்பாவையும் அப்பம்மாவையும் கூப்பிட்டது, சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுத்தது எதுவும் இல்லை. ரொறன்ரோவில் அச்சாகும் மலர்களில் இது அடிக்கடி நடக்கிறது. ஊரில் ஆசிரியர், கிளாக்கர், நில அளவையாளர் என்று இருந்ததைப் பெருமையாகப் போடுவார்கள். இங்கே செய்த வேலையைப் போட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் வீட்டு வாடகை, உங்கள் படிப்பு, அத்தைமாரின் சீதனம் எல்லாம் அந்த 28 வருடத்தில் உழைத்த காசுதான். அதை எப்படி மீட்டெடுத்து எழுதுவது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நாள் கணக்கு. அப்பா பிரிந்து இன்றைக்கு எட்டாம் நாள், மலர் 31 ஆம் நாளுக்கு வேண்டும். அச்சகத்துக்கு நாலு வேலை நாள் வேண்டும், பிழை திருத்த இரண்டு, பக்கம் அமைக்க மூன்று. இடையில் ஒரு சனி ஞாயிறு வரும். ஆகவே எழுத்தும் படங்களும் இருபதாம் நாளுக்குள் கைக்கு வரவேண்டும். வாழ்க்கை வரலாறுக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம், தேவையென்றால் ஆறு தரலாம். மலரின் மொத்தப் பக்கம் நாலின் மடங்காக இருந்தால்தான் நடுவில் பின் அடிக்கலாம். இரண்டு பக்கம் கூடினால் தேவாரப் பகுதியில் இரண்டைக் குறைத்துச் சமாளிக்கலாம். பஞ்சபுராணம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அப்பாவின் கதை வேறெங்கும் இல்லை.

இனிப் பத்திரங்கள். அம்மாவின் அலுமாரியில் அப்பாவின் கோப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திறந்து இந்த ஒழுங்கில் பாருங்கள்.

ஊரிலிருந்து வந்த கடிதங்களில், கல்வித் திணைக்களம் அனுப்பிய "பதவி வெறிதாக்கல்" அறிவித்தல் இருக்கிறதா என்று தேடுங்கள். லீவில் போன அரச ஊழியர் திரும்பி வராவிட்டால் அனுப்புகிற கடிதம் அது. பதவி போனதோடு ஓய்வூதிய உரிமையும் போயிற்று என்று அர்த்தம். அப்பாவின் 14 வருட ஆசிரிய சேவை எந்தத் திகதியில் முடிந்தது என்பதை அதைப் போலத் துல்லியமாகச் சொல்லும் தாள் வேறில்லை. கிடைக்காவிட்டால், அவர் கடைசியாகப் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அதிபர் எழுதிய குறிப்பு இருக்கலாம். ஆனால் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றின் இடாப்புகள் தொலைந்துவிட்டன. ஊரில் அழிந்துபோன பத்திரத்தின் ஒரே பிரதி ரொறன்ரோவில் ஒரு அலுமாரிக்குள் இருப்பது புதினமில்லை. ஆகவே எதையும் "பழைய தாள்" என்று எறிந்துவிடாதீர்கள்.

பிறந்த திகதியையும் ஒருமுறை சரிபாருங்கள். நீங்கள் எழுதியது கனடாப் பத்திரத்தில் உள்ளது. அப்பாவின் பழைய இலங்கை அடையாள அட்டையில் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று எண் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 52 075 என்று தொடங்கினால் 1952 இன் 75 ஆம் நாள்: ஜனவரி 31, பெப்ரவரி 29, மிச்சம் 15, ஆக மார்ச் 15. அந்தக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாளாகவே எடுக்கப்படும். ஆகையால் லீப் அல்லாத வருடத்தில் பிறந்தவர்களுக்கு, மார்ச் 1 முதல், சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் ஒரு நாள் பிசகும். சித்தப்பாமாரின் திகதிகளை வம்சாவளியில் போடும்போது இது கைகொடுக்கும்.

கனடாப் பத்திரங்களில் முதலில் எடுக்கவேண்டியது ஐ.எம்.எம். 1000 என்ற தரையிறக்கப் பத்திரம். 2002 ஜூனுக்கு முன் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களிடம் அதுதான் இருக்கும். எந்தத் திகதியில் அப்பாவுக்கு இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க உரிமை கிடைத்தது என்பதை அதிலிருந்தே எழுதுங்கள். வந்த நாளும் அந்த நாளும் ஒன்றல்ல. நீங்கள் அனுப்பியதில் இரண்டும் கலந்து கிடக்கிறது. அகதியாகக் கோரிக்கை வைத்தவருக்கு நடுவில் விசாரணை, ஏற்பு, தரையிறக்கம் என்று வருடங்கள் போகும். அந்த வருடங்களில்தான் அப்பா இங்கேயும் அம்மாவும் நீங்களும் அங்கேயும் இருந்தீர்கள். மலரில் அது தனிப் பந்தியாக வரவேண்டும்.

வேலை கொடுத்தவர் வருடா வருடம் தரும் ரி4 சம்பளத் தாள்கள் இருந்தால் சமூகக் காப்புறுதி இலக்கத்தின் முதல் எண்ணைப் பாருங்கள். 9 இல் தொடங்கினால் அது தற்காலிக இலக்கம், அகதிக் கோரிக்கை முடிவாகாத காலத்து வேலை. நிரந்தர வதிவிடம் வந்த பிறகு புது இலக்கம் கிடைத்திருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கம் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த மாற்றமே உங்களுக்கு ஒரு திகதிக் குறி.

வேலை விபரத்துக்கு ஆகச் சிறந்தது கனடா ஓய்வூதியத் திட்டத்தின், அதாவது சி.பி.பி.யின், பங்களிப்புக் கூற்று. அப்பா 60 வயதில் விண்ணப்பித்தார் என்றால் ஒரு பிரதி கோப்பில் இருக்கச் சாத்தியம் உண்டு. ஒவ்வொரு வருடத்துக்கும் எவ்வளவு உழைப்புக்குப் பங்களிப்புக் கட்டப்பட்டது என்று வரிசையாக இருக்கும். அதை வாசிப்பதில் இரண்டு கவனம். ஒன்று, அதற்கு உச்ச வரம்பு உண்டு. 1997 இல் அது 35,800 டொலர், அதற்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் அந்தத் தொகைதான் பதியும். இரண்டு, வெறுமையாகக் கிடக்கும் வருடம் வேலை இல்லாத வருடம் என்று அர்த்தமில்லை. வேலை அனுமதி வராமல் காத்திருந்திருக்கலாம், அல்லது கைக்காசுக்கு உணவகத்தில் நின்றிருக்கலாம். அம்மாவிடம் கேட்காமல் "வேலையின்றி இருந்தார்" என்று எழுதிவிடாதீர்கள்.

லேஓஃப் ஆனபோது கொம்பனி கொடுத்த வேலைப் பதிவுத் தாள்களும் இருக்கும். முதல் வேலை நாள், கடைசிச் சம்பள நாள், விலகிய காரணம் மூன்றும் அதில் உண்டு. காரணக் கட்டத்தில் "ஏ" என்று இருந்தால் வேலைக் குறைவால் நிறுத்தப்பட்டவர். சரியாகக் கடமை செய்யாமல் போனவர் அல்ல.

இன்னொரு தாள் பலருக்கு ஞாபகத்துக்கே வராது. 65 வயதில் முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, 18 வயதிலிருந்து எங்கெங்கே வசித்தார் என்று திகதியோடு எழுதவேண்டும். அந்த விண்ணப்பத்தின் பிரதி கிடைத்தால் அப்பா தன் கையாலேயே எழுதிய இடப்பெயர்வு அட்டவணை உங்களிடம் இருக்கிறது: ஊர், கொழும்பு, வழியில் நின்ற நாடு, சென் ஜேம்ஸ் ரவுன் அடுக்குமாடி, பிறகு ஸ்காபரோ.

அகதிக் கோரிக்கைக்குக் கொடுத்த தனிப்பட்ட தகவல் படிவமும் கோப்பில் இருக்கலாம். அதிலுள்ள படிப்பு, வேலை வரிசையைத் திகதி பார்க்கப் பாவியுங்கள். கதைப் பகுதியிலிருந்து ஒரு சொல்லும் மலரில் வரக் கூடாது. அதில் ஊரில் இன்றும் வாழும் ஆட்களின் பெயர்கள் இருக்கும். அப்பா ஒரு அறைக்குள் நம்பிச் சொன்ன விடயம் அது, 300 பேருக்கு விநியோகிக்கச் சொன்னதல்ல.

இனி வேலை மாறிய கதை. "ஆசிரியராக இருந்தவர் ஏன் இங்கே படிப்பிக்கவில்லை?" என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். மலரில் பதில் இருக்கட்டும். ஒன்ராறியோவில் அரச பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் பல்கலைக்கழகப் பட்டமும் அதற்கு மேல் ஆசிரியப் பயிற்சியும் வேண்டும். அப்பாவிடம் இருந்தது க.பொ.த. உயர்தரமும் பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழும். இங்கே பட்டம் படித்துப் பிறகு பயிற்சி எடுப்பதென்றால் அப்போது நாலைந்து வருடம் முழுநேரம். அந்த வருடங்களில் ஊருக்கு யார் காசு அனுப்புவது? திறமைக் குறைவால் நடந்ததல்ல அது. குடும்பத்தைப் பார்த்து அவர் எடுத்த முடிவு. அதை இப்படியே, சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

கோப்பை கழுவிய காலத்தைப் பற்றி ஒரு பந்தி போதும், ஆனால் உண்மையாக இருக்கட்டும். பெரிய உணவகங்களில் கழுவும் மிசினின் கடைசி அலசல் தண்ணீர் 82 பாகை செல்சியஸ். தட்டு வெளியே வரும்போது ஆவியும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். அதற்கு முன் எச்சிலைத் தட்டி, தெளித்து, தட்டத்தில் அடுக்குவது கையால். சட்டி பானை தனித் தொட்டியில். கடை பூட்டிய பிறகு நிலம் கழுவி, குப்பை கட்டி வெளியே வர இரண்டு மணியாகும், சுரங்க ரயில் அதற்கு முன்னரே நின்றுவிடும். இரவு பஸ்ஸில் எந்த வழியாக வீடு வந்தார் என்று அம்மாவிடம் அல்ல, அப்போது கூட அறையில் இருந்த மாமாமாரிடம் கேளுங்கள். அம்மா அப்போது இங்கே இல்லை.

பக்ரறி வேலைதான் நீண்டது. அதற்கு ஒரு பக்கம் கொடுங்கள். "பிளாஸ்ரிக் கொம்பனியில் பணியாற்றினார்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த வேலை இப்படி: பிளாஸ்ரிக் குறுணி மேலேயிருக்கும் கூம்புத் தொட்டிக்குள் கொட்டப்படும். சூடேற்றிய குழாய்க்குள் திருகு ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே உருக்கும், சாமானைப் பொறுத்து 200 பாகைக்கு மேல். உருகியது அச்சுக்குள் அழுத்தத்தோடு பாயும், ஆறும், அச்சுத் திறக்கும். ஒப்பரேட்டர் கதவைத் திறந்து பொருளை எடுத்து, கத்தியால் ஒட்டுக் காம்பை வெட்டி, நாலு பக்கமும் பார்த்துப் பெட்டியில் அடுக்கிக் கதவைச் சாத்தவேண்டும். சாத்தாவிட்டால் மிசின் அசையாது, கையைக் காப்பாற்றுவதற்கான பூட்டு அது. ஒரு சுற்று 30 செக்கன் என்றால் மணிக்கு 120 துண்டு. அரை மணி சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி ஷிஃப்டில் 900. மிசின் காத்திருக்காது. தண்ணீர் குடிக்கப் போனாலும் பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

அப்பா அதில் செட்டப் ஆளாக உயர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். இது பெரிய விடயம், உங்கள் வரைவில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை. செட்டப் என்பது அச்சை கிரேனால் இறக்கி ஏற்றி, போல்ட் முறுக்கி, தண்ணீர்க் குழாய் பூட்டி, வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றையும் சரிப்படுத்தி முதல் நல்ல துண்டை எடுத்துக் கொடுப்பது. துண்டு முழுதாக நிரம்பாமல் வந்தால் சாமான் காணாது, அல்லது அழுத்தம் குறைவு. ஓரத்தில் மெல்லிய தகடு பிதுங்கினால் அழுத்தம் கூட, அல்லது அச்சு சரியாகப் பூட்டவில்லை. நைலோனில் வெள்ளிக் கோடு ஓடினால் குறுணி ஈரம், திரும்பக் காயவைக்க வேண்டும். இதில் தோற்பவர்கள் அவசரத்தில் மூன்று அளவையும் ஒரேயடியாக மாற்றுபவர்கள். எது சரிப்படுத்தியது, எது கெடுத்தது என்று பிறகு அவர்களுக்கே தெரியாது. ஒரு அளவை மட்டும் மாற்றி, நாலைந்து துண்டு பார்த்து, எழுதி வைத்து, பிறகே அடுத்ததைத் தொடுபவர்தான் நல்ல செட்டப்காரர். கணக்கு வாத்தியார் ஒருவருக்கு அது எப்படிக் கைவந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் குறித்து வைத்த கொப்பி ஏதும் வீட்டில் இருந்தால் அதன் ஒரு பக்கத்தைப் படமாகவே போடலாம். நியமனக் கடிதத்துக்குப் பக்கத்தில் அது வந்தால் மிக நன்று.

கூட வேலை செய்தவர்களிடம் பேசும்போது அப்பாவின் பெயரைச் சொன்னால் சிலருக்குத் தெரியாது. கனடாப் பத்திரத்தில் அப்பப்பாவின் பெயர் சேர்ந்து நீண்டுவிட்டதால், பக்ரறியில் ஏதோ ஒரு துண்டைச் சுருக்கிக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பெயரை முதலில் கண்டுபிடியுங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள், "தங்கமான மனிசன்" என்பதோடு முடிந்துவிடும். எந்த மிசின், எந்த ஷிஃப்ட், யாருடைய காரில் போய் வந்தவர், பெற்றோலுக்குக் கிழமைக்கு எவ்வளவு கொடுத்தவர், சாப்பாட்டுப் பெட்டியில் என்ன, யாருக்கு வேலை பழக்கினவர் என்று கேளுங்கள். ஒரு ஆளுக்கு இருபது நிமிடம் போதும். அனுமதி கேட்டுத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள்.

குடும்பத்துக்குச் செய்ததை எழுதும்போது "தியாகச் செம்மல்" போன்ற அடைமொழிகளைக் குறைத்து, செய்ததை எழுதுங்கள். உதாரணத்துக்கு அப்பப்பாவையும் அப்பம்மாவையும் 1997 இல் கூப்பிட்டதை எடுங்கள். 1995 முதல் கனடா ஒவ்வொரு பெரியவருக்கும் தரையிறங்கும் கட்டணமாக 975 டொலர் வாங்கியது. இருவருக்கும் 1,950. ஒன்ராறியோவின் ஆகக் குறைந்த மணிக்கூலி 1995 தொடக்கத்திலிருந்து 2004 தொடக்கம்வரை 6.85 டொலரில் அப்படியே நின்றது. அந்தக் கூலிக்கு 1,950 டொலர் என்றால் வரி கழிக்க முன்னரே 284 மணித்தியாலத்துக்கு மேல், ஏழு கிழமை முழுநேர வேலை. விண்ணப்பக் கட்டணம், மருத்துவச் சோதனை, விமானச் சீட்டு தனி. தாய் தகப்பனைக் கூப்பிட வருமான அளவு காட்டவும் வேண்டியிருந்தது. அதோடு, அந்தக் காலத்தில், பத்து வருடத்துக்கு அவர்களைத் தாமே பார்ப்பதாகக் கையெழுத்து. முந்தைய இரண்டு மூன்று வருட வருமானம் சி.பி.பி. கூற்றில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் அது ஓவர்டைம், எதற்காகச் செய்தார் என்றும் உங்களுக்குத் தெரியும்.

உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலம், அனுப்பிய காசுக்கும் சீட்டுக் கட்டியதற்கும் தாள் கிடைக்காது. அதற்கு ஊரில் சின்ன அத்தையிடம் உள்ள அப்பாவின் கடிதங்களே சாட்சி. வான் கடிதங்களின் இரண்டு பக்கத்தையும் மடிப்பையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திகதி முத்திரையும் வரவேண்டும். சீதனத் தொகைகளை அச்சில் போடாதீர்கள். "இரு தங்கைமாரின் கலியாணத்தையும் இங்கிருந்தே நடத்தி வைத்தார்" என்பது போதும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை மறந்துவிட வேண்டாம். ஒன்ராறியோ 1977 இல் தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின் கீழ் பள்ளிச் சபைகள் கிழமைக்கு இரண்டரை மணி நேரம்வரை இந்த வகுப்புகளை நடத்தின. அதற்கு ஒன்ராறியோ ஆசிரியர் சான்றிதழ் தேவையில்லை. வெள்ளி இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, சனி காலை திரும்பவும் கரும்பலகைக்கு முன்னால் நின்றிருக்கிறார். அவரிடம் படித்த யாரையாவது ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அமைச்சர், தலைவர் என்று அனுதாபச் செய்தி கேட்டு அலைவதைவிட அது மேல்.

அப்பா பிரிந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவில் ஒரு பிழை இருக்கிறது. உங்கள் மாமா ரொறன்ரோத் திகதியை யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தில் நேரே பார்த்திருக்கிறார். திதி தொடங்குவதும் முடிவதும் உலகம் முழுவதற்கும் ஒரே கணம். கோடையில் இலங்கை நேரம் நமக்கு ஒன்பதரை மணி முந்தியது, குளிர்காலத்தில் பத்தரை. அப்பா பிரிந்தது இரவு 9 மணி, கோடை நேரம். இலங்கையில் அப்போது மறுநாள் காலை 6.30. அந்த நாளின் பக்கத்தில் அந்த நேரத்துக்கு என்ன திதி நடந்தது என்று பார்க்கவேண்டும். ஆண்டுத் திவசம் இதை வைத்துத்தான் வரும் என்பதால் ஐயரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், கோப்பாக இணைத்து அனுப்புங்கள். ஏ5 முழுப் பக்கத்துக்கு 1748க்கு 2480 புள்ளி வேண்டும். 35க்கு 45 மில்லிமீற்றர் கடவுச்சீட்டுப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கான் செய்தால் இரண்டு மடங்குவரை கூராக வரும். அதற்கு மேல் பெருப்பித்தால் முகம் மாவாகிவிடும். ஒட்டும் ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் பின்னால் நுழைத்து மெதுவாக அறுத்தெடுக்கலாம். வராவிட்டால் தாளோடேயே ஸ்கான் செய்யுங்கள். பக்ரறியில் எடுத்த படம் ஒன்றாவது வேண்டும். கோட்டும் ரையும் போட்ட படத்தைத்தான் எல்லோரும் அனுப்புவார்கள்.

மாமா பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பகுதியை யூனிகோட்டுக்கு மாற்றும்போது இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பொருளற்ற தமிழ் எழுத்தாகிவிடும். அவற்றைக் கையால் திருத்தவேண்டும். வம்சாவளியில் உயிரோடிருப்பவர்களின் முழுப் பிறந்த திகதி, வீட்டு முகவரி போடவேண்டாம். அந்த மலர் பி.டி.எஃப். ஆக எங்கெல்லாம் போகும் என்று தெரியாது, வங்கி மோசடிக்கு அது போதும். காணாமல்போன சித்தப்பாவின் பெயரை விட்டுவிடாதீர்கள். மறைந்தவர் என்று போடுவதா, வெறும் பெயர் மட்டுமா என்பதை அப்பம்மாதான் சொல்லவேண்டும்.

எழுதி முடித்ததும், எங்களுக்கு அனுப்ப முன், முழுவதையும் அம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள். திகதி பிழைத்தால் அவர் உடனே பிடிப்பார். ஏதாவது ஒன்றைக் கேட்டு "இது வேண்டாம்" என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். "இதையும் போடு" என்று ஏதும் சொன்னால், இருபதாம் நாள் தாண்டினாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
மலர் தொகுப்பவர்கள்